இரு கால்களும் இரு சக்கரங்களும்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர்)

நாய் நான்கு கால்களால் நடக்கும் பிராணி என்று ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். அந்த நான்கில் இரண்டு செயலற்றுப் போனால் அது எப்படி நடக்கும்? இனி நடக்காது, தெருவோரத்தில் கிடந்து சாகும் என்பதே நம்மில் பலருடைய விடை. பின்பாகத்தை இழுத்துக்கொண்டு ஊர்ந்து செல்லும் நாயைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்கிறோம். பள்ளிக்கு நேரமாகிறதே என்று நடையைக் கட்டுகிறோம். இரக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. என்ன செய்வது என்பதுதான் தெரிவதில்லை. எனக்குத் தெரிய வந்த சிலவற்றை அன்புத் தோழியருடனும், அருட்சகோதரியருடனும், பெற்றோருடனும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதில் வரும் செய்திகளில் பாதி நம் அறிவியல் பாடத்தில் உள்ளவையே. நரம்பு மண்டலம், அனிச்சைச் செயல், திருப்புத்திறன், மிதப்பு விசை என்று தேர்வுக்காக உருப்போட்ட சொற்கள், சுட்டி என்னும் ஐந்து கிலோ எடையுள்ள சிறு நாய்க்காக எங்கள் வீட்டுக் கொல்லையில் உயிர்பெற்று எழுந்தன. மறுபாதி கால்நடை டாக்டரும் எங்கள் ஆச்சியும் கற்றுக்கொடுத்தவை.

தண்டுவடமும் அதன் வேலையும்

முதலில் நாயின் உடலமைப்பைச் சற்றுப் பார்ப்போம். நாயின் கழுத்தில் 7 முள்ளெலும்புகள், மார்புப் பகுதியில் 13, இடுப்புப் பகுதியில் 7, அதற்குப் பின் ஒன்றாக இணைந்த 3, பிறகு வால் எலும்புகள் உள்ளன. இந்த எலும்பு வளையங்களுக்குள்ளே மூளையிலிருந்து புறப்படும் தண்டுவடம் பத்திரமாகச் செல்கிறது. மனிதனுக்குத் தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிகின்றன. நாய்க்கு 36 ஜோடி. காலில் முள் குத்தினால் அந்தச் செய்தி உணர்ச்சி நரம்பு வழியாக மேலே போகிறது. "காலை எடு" என்ற கட்டளை இயக்க நரம்பு வழியாகக் கீழே வருகிறது.

நடுவழியில், அதாவது மார்பும் இடுப்பும் சேரும் இடத்தில், தண்டுவடம் அடிபட்டால் என்ன ஆகும்? அதற்கு முன்னால் உள்ள பகுதி வழக்கம்போல வேலை செய்யும். தலை திரும்பும், முன்னங்கால்கள் ஓடும், வாய் குரைக்கும். பின்னால் உள்ள பகுதிக்கு மட்டும் மூளையின் கட்டளை போய்ச் சேராது. பின்னங்கால் எலும்பும் தசையும் முழுமையாக இருந்தும் கால் அசையாமல் கிடப்பது இதனால்தான். பல்பு நன்றாக இருந்தும் நடுவில் மின்கம்பி அறுந்தால் விளக்கு எரியாதது போன்றது இது.

இந்நிலைக்குக் காரணங்கள் பல. நம் ஊர்த் தெருக்களில் முதல் காரணம் வாகன விபத்து. டாஷண்ட், பெக்கினீஸ் போன்ற குட்டைக் கால் இனங்களில் முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை போன்ற தட்டுகள் இளவயதிலேயே நீர்ச்சத்தை இழந்து கெட்டியாகின்றன. ஒருநாள் அவை பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்திவிடும். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் நரம்பைத் தாக்குவதாலும் கால் தளரலாம். அந்நோயைக் குட்டிப் பருவத்துத் தடுப்பூசியால் தவிர்க்கலாம்.

தூக்குவதற்கு முன்

அடிபட்ட நாயைக் கண்டதும் ஓடிப்போய் அள்ளி எடுப்பது ஆபத்து. இரண்டு விஷயங்களை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒன்று, நம் பாதுகாப்பு. வலியில் துடிக்கும் நாய் தன்னை வளர்த்தவரையே கடித்துவிடும். மேலும், வெறிநோய் கண்ட நாய் எப்போதும் துரத்திக் கடிக்கும் என்று நினைக்கிறோம், அது தவறு. அந்நோய் சில நாய்களிடம் வாதமாகவும் தோன்றும். தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாது, கால்கள் தளரும். ஆகவே முன்பின் தெரியாத நாயை மாணவியராகிய நாம் தொடவே கூடாது. பெரியவர்களையோ, விலங்கு நலச் சங்கத்தாரையோ அழைப்பதே முறை. கடி பட்டாலும், கீறல் பட்டாலும், எச்சில் புண்ணில் பட்டாலும் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் அதற்கு மருந்தாகாது.

இரண்டு, நாயின் பாதுகாப்பு. உடைந்த முதுகெலும்பை வளைத்துத் தூக்கினால் பாதி அடிபட்ட தண்டுவடம் முழுவதும் அறுபட்டுப் போகலாம். ஒரு பலகையையோ கெட்டி அட்டையையோ பக்கத்தில் வைத்து, நாயைப் போர்வையோடு சேர்த்து அதன்மேல் மெல்ல நகர்த்தி, முதுகு வளையாமல் கொண்டு செல்ல வேண்டும். வலிக்கிறதே என்று நாம் சாப்பிடும் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்றவை நாய்க்கு நஞ்சாக முடியும்.

சுட்டியை ஓர் இருசக்கர வாகனம் மோதிவிட்டுப் போனபோது, என் சித்தப்பா மாவு சலிக்கும் பெரிய முறத்தைக் கவிழ்த்து அதன்மேல்தான் அவளைக் கொண்டுபோனார். கையில் தடித்த சாக்கைச் சுற்றிக்கொண்டு, வாயைத் துணி நாடாவால் கட்டியிருந்தார். பொமரேனியன் கலப்பு, வெள்ளையும் பழுப்புமாக இருந்தாள். கழுத்தில் பழைய பட்டை ஒன்று இருந்தது. யார் வீட்டிலோ வளர்ந்து கைவிடப்பட்டவள் என்று தெரிந்தது. பல்லைப் பார்த்து இரண்டு வயது இருக்கும் என்றார் டாக்டர்.

கிள்ளிப் பார்க்கும் சோதனை

மருத்துவமனையில் எக்ஸ்-ரே எடுத்தார்கள். முள்ளெலும்பு இடம் பெயரவில்லை என்று தெரிந்தது. ஆனால் எக்ஸ்-ரே எலும்பைத்தான் காட்டும்; தண்டுவடத்தைக் காட்டாது. தண்டுவடத்தின் நிலையை அறிய டாக்டர் ஓர் எளிய சோதனை செய்தார். பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தினார். கால் சட்டென்று மடங்கியது.

நான் மகிழ்ச்சியோடு, "டாக்டர், காலை இழுக்கிறது! உணர்ச்சி இருக்கிறது!" என்றேன்.

"அவசரப்படாதே பாப்பா. கால் மடங்குவதைப் பார்க்காதே, முகத்தைப் பார்" என்றார் அவர்.

தோழியரே, இங்கேதான் நம் பாடம் வருகிறது. சூடான பாத்திரத்தைத் தொட்டதும் நாம் யோசிக்காமலே கையை எடுத்துவிடுகிறோமே, அது அனிச்சைச் செயல். அதற்கு மூளை தேவையில்லை, தண்டுவடமே போதும். மூளையோடு தொடர்பு முற்றிலும் அறுந்துபோன நாய்கூட விரலைக் கிள்ளினால் காலை மடக்கும். ஆகவே கால் மடங்குவது நம்பிக்கைக்கு அடையாளம் ஆகாது. கிள்ளியதும் நாய் தலையைத் திருப்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா என்பதையே பார்க்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் வலி என்ற செய்தி தண்டுவடத்தைக் கடந்து மூளைக்குப் போயிருக்கிறது என்று பொருள். அது இருந்தால் ஓரளவு குணமாக வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் தானாக நடப்பது மிக அரிது.

டாக்டர் இன்னும் சற்று அழுத்தினார். சுட்டி வெடுக்கென்று திரும்பி, கட்டியிருந்த வாயாலேயே அவர் கையை முட்டினாள். "இதுதான் எனக்கு வேண்டும்" என்றார் டாக்டர். தண்டுவடம் அறவில்லை, அடிபட்டு வீங்கியிருக்கிறது. ஆறு மாதமாவது பொறுமையாகப் பார்க்க வேண்டும். முழுவதும் குணமாகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றும் விளக்கினார்.

ஆச்சியின் கேள்வி

வீட்டுக்கு வந்ததும் ஆச்சி எதிர்த்தார். "ஏட்டி, ஊசி போட்டு அமைதியா அனுப்பிரச் சொல்லுங்க. உங்க தாத்தாவை வாதத்துல மூணு வருஷம் புரட்டிப் போட்டவ நான். அந்தப் பாடு எனக்குத் தெரியும். வாயில்லாத சீவனை அந்தப் பாடு படுத்தாதீங்க" என்றார்.

ஆச்சிக்கு இரக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர் கண்டதும் பட்டதும் அப்படிப் பேச வைத்தன. நாங்கள் இதை டாக்டரிடமே கேட்டோம். அவர் ஆச்சியின் கேள்வி நியாயமானது என்றார். ஓர் உயிரை வைத்துக் காப்பது என்று முடிவு செய்யுமுன் மூன்றைப் பார்க்க வேண்டும் என்றார். வலியை மருந்தால் அடக்க முடிகிறதா? தானாகச் சாப்பிடுகிறதா? சுற்றிலும் நடப்பதைக் கவனித்து ஆட்களை நாடுகிறதா? மூன்றுக்கும் இல்லை என்ற விடை வந்து, நாளுக்கு நாள் துன்பமே மிஞ்சினால், டாக்டர் கையால் வலியில்லாமல் முடித்து வைப்பதும் கருணைதான். ஆனால் நம்மால் வேலை செய்ய முடியவில்லை என்பதற்காக அதைச் செய்யக் கூடாது.

சுட்டி மூன்றிலும் தேறினாள். அன்று இரவு பால்சோறு முழுவதும் தின்றுவிட்டுத் தட்டை மூக்கால் தள்ளினாள். "சரி, ஒரு மாசம் பார்ப்போம்" என்றார் ஆச்சி. அந்த ஒரு மாதத் தவணையோடுதான் எங்கள் வேலை தொடங்கியது.

முதல் நான்கு வாரங்கள்

முதல் மருந்து ஓய்வு. சுட்டி ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. திரும்பிப் படுக்க மட்டும் இடமுள்ள மரச் சட்டப் பெட்டி ஒன்றில் அவளை வைத்தோம். அடியில் பழைய மெத்தை, அதன்மேல் ரப்பர் விரிப்பு, அதற்கும் மேல் பருத்தித் துணி.

ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்பு துருத்தும் இடங்களில் இரத்த ஓட்டம் குறைந்து படுக்கைப் புண் வரும். ஆகவே பகலில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். முதல் நாள் நான் சுட்டியைப் புரட்ட முனைந்தபோது ஆச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அப்படி இல்லட்டி. இடுப்புக்கும் தோளுக்கும் ஒண்ணா கை கொடு. முறுக்காதே. புரட்டின பிறகு துணியில சுருக்கம் இருக்கான்னு தடவிப் பாரு. அந்தச் சுருக்கந்தான் புண்ணா வரும்" என்று செய்து காட்டினார். தாத்தாவுக்குச் செய்த அதே முறை. பிறகு டாக்டரிடம் கேட்டபோது, நர்சுகளுக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றார்.

அடுத்தது சிறுநீர். தண்டுவடம் அடிபட்ட பல நாய்களுக்குச் சிறுநீர்ப்பையைக் காலி செய்யவும் முடிவதில்லை. தேங்கிய சிறுநீரில் கிருமி வளர்ந்து சிறுநீரகம் வரை கெட்டுவிடும். கால் வராத நாய்கள் பல காலால் சாவதில்லை; கவனிக்கப்படாத சிறுநீர்ப்பையால் சாகின்றன. வயிற்றின் பின்பகுதியை இரு கைகளாலும் மெல்ல அழுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறையை டாக்டர் சித்தப்பாவின் கையைப் பிடித்தே கற்றுக் கொடுத்தார். நாளுக்கு மூன்று, நான்கு முறை செய்ய வேண்டும். படித்துவிட்டுச் செய்யும் காரியம் அன்று இது. டாக்டரிடம் நேரில் பழகிக்கொண்டே செய்ய வேண்டும். சிறுநீர் கலங்கினாலோ, நாற்றம் மாறினாலோ, இரத்தம் கலந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூட்டுப் பயிற்சி

அசையாத மூட்டு இறுகும். வேலை செய்யாத தசை மெலியும். நரம்பு குணமாகி ஒருநாள் கட்டளை வந்து சேரும்போது, அதைக் கேட்டு நடக்கக் காலும் தயாராக இருக்க வேண்டும் அல்லவா? அதற்காக டாக்டர் அனுமதி கொடுத்தபின், இரண்டாம் வாரத்திலிருந்து பயிற்சி தொடங்கினோம்.

நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, விரல், கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியே மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. பிறகு முழுக் காலையும் சைக்கிள் மிதிப்பது போலச் சுழற்ற வேண்டும். முறுக்கவோ இழுக்கவோ கூடாது. நாய் முகம் சுளித்தால் நிறுத்திவிட வேண்டும்.

ஓய்வுக் காலம் முடிந்தபின் நிற்கும் பயிற்சி. அடிவயிற்றின்கீழ் துண்டைக் கொடுத்துப் பின்பாகத்தைத் தாங்கி, நான்கு பாதங்களும் தரையில் சரியாகப் பதியும்படி நிறுத்தினோம். பாதம் பின்புறமாக மடிந்து, மேல்புறம் தரையில் படும்; ஒவ்வொரு முறையும் அதை நேராக்கி வைக்க வேண்டும். வழவழப்பான டைல்ஸ் தரை இப்பயிற்சிக்கு ஆகவே ஆகாது. அரிசிச் சாக்குகளைப் பிரித்து ஒன்றாகத் தைத்து, நடை முழுவதும் விரித்துவிட்டார் அம்மா. வந்தவர்கள் எல்லோரும் வீட்டில் வெள்ளையடிக்கிறார்களா என்று கேட்டார்கள்.

தண்ணீரின் உதவி

ஒரு பொருள் நீரில் மூழ்கும்போது, அது வெளியேற்றும் நீரின் எடைக்குச் சமமான விசை அதனை மேல்நோக்கித் தள்ளுகிறது என்பது ஆர்க்கிமிடீஸ் தத்துவம். தளர்ந்த காலுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. இடுப்பு மூட்டு வரை நீரில் நிற்கும் நாயின் கால்கள் அதன் எடையில் ஏறக்குறைய 38 சதவிகிதத்தை மட்டுமே தாங்குகின்றன என்று அளந்து கண்டிருக்கிறார்கள். நீர் முழங்கால் வரை இருந்தால் 85 சதவிகிதம். ஐந்து கிலோ சுட்டி இடுப்பளவு நீரில் இரண்டு கிலோவுக்கும் குறைவாகிவிடுகிறாள்!

கொல்லையில் துணி துவைக்கும் சிமெண்டுத் தொட்டியில் வெயில் பட்டு வெதுவெதுப்பான நீரை நிரப்பி, சித்தப்பா தாங்கிப் பிடிக்க, முதலில் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம் என்று பழக்கினோம். ஒரு கணமும் கையை விடக் கூடாது. முடிந்ததும் காது, விரலிடுக்கு எல்லாம் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். புண் இருக்கும்போது நீர்ப்பயிற்சி கூடாது.

வண்டி செய்யும் முறை

பின்னங்கால் வராத நாய்களுக்குச் சக்கர வண்டி செய்து கொடுப்பது மேல்நாடுகளில் பல ஆண்டுகளாக இருந்துவரும் வழக்கம். 2014-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முன்னங்கால் வளர்ச்சி குன்றிப் பிறந்த டெர்பி என்ற நாய்க்கு முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செயற்கைக் கால்களே செய்து பொருத்தினார்கள். அவ்வளவு தூரம் போக நம்மால் இயலாது. ஆனால் பிளம்பர் கடையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு வண்டி செய்யலாம்.

தேவையானவை: அரை அங்குல பி.வி.சி. குழாய், எல்போ, டீ இணைப்புகள், பழைய குழந்தை சைக்கிளின் சிறு சக்கரங்கள் இரண்டு, அச்சாக ஓர் இரும்புக் கம்பி, நட்டு, வாஷர், பள்ளிப் பையிலிருந்து எடுத்த பட்டைகள், கொக்கிகள், மெத்தென்ற துணி.

எடுக்க வேண்டிய அளவுகள் மூன்று. தோள்பட்டையிலிருந்து வாலடி வரை நீளம், இடுப்பின் அகலம், நாயை நேராகத் தாங்கி நிறுத்தும்போது தரையிலிருந்து தொடையிடுக்கு வரை உயரம். சட்டத்தின் அகலம் இடுப்பைவிடப் பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் உரசாது. முதுகு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். நடுவில் துணியால் இரண்டு கால் துளைகள் உள்ள இருக்கை. முன்னால் தோளைச் சுற்றிப் பட்டை.

இனி முக்கியமான கேள்வி. சக்கரத்தின் அச்சு எங்கே வர வேண்டும்? இதற்கு விடை சொன்னது எங்கள் அறிவியல் சிஸ்டர். கரும்பலகையில் ஒரு கோடு போட்டு, "இது சீசா பலகை. கணக்குப் போட்டுவிட்டுக் குழாயை அறுங்கள்" என்றார்.

நாய் நிற்கும்போது எடையில் ஏறக்குறைய 60 சதவிகிதத்தை முன்னங்கால்களும் 40 சதவிகிதத்தைப் பின்னங்கால்களும் தாங்குகின்றன. சுட்டியின் ஐந்து கிலோவில் முன்னே 3, பின்னே 2. அந்த 2 கிலோ வண்டியின் இருக்கையில் அமர்கிறது. தோள்பட்டைக்கும் இருக்கைக்கும் இடையே 25 செ.மீ. திருப்புத்திறன் என்பது விசையை அச்சிலிருந்து அதன் தூரத்தால் பெருக்குவது.

அச்சு இருக்கைக்கு 5 செ.மீ. பின்னால் இருந்தால்: இருக்கையின் திருப்புத்திறன் 2 x 5 = 10. அச்சிலிருந்து தோள்பட்டைக்குத் தூரம் 30 செ.மீ. ஆகவே 10-ஐ 30-ஆல் வகுக்க, தோளின்மேல் ஏறும் கூடுதல் சுமை சுமார் 330 கிராம். ஏற்கெனவே உழைக்கும் முன்னங்கால்களுக்கு இது அதிகம்.

அச்சு 5 செ.மீ. முன்னால் இருந்தால்: தோள்பட்டைக்குத் தூரம் 20 செ.மீ. 10-ஐ 20-ஆல் வகுக்க அரை கிலோ. ஆனால் இம்முறை விசை மேல்நோக்கி! தோள்பட்டை அவளை முன்புறம் தூக்கும். மேட்டில் ஏறினால் வண்டி பின்னால் கவிழும்.

அச்சு 1 செ.மீ. பின்னால் இருந்தால்: 2-ஐ 26-ஆல் வகுக்க, சுமார் 77 கிராம்தான். பட்டை நிலையாக இருக்கவும் செய்யும், சுமையாகவும் இராது. அந்த இடத்திலேயே அச்சை வைத்தோம். வண்டியின் எடை முக்கால் கிலோ. செலவு 900 ரூபாய்க்குள் முடிந்தது.

வண்டியில் விடும்போது கவனிக்க வேண்டியவை: முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். மெல்ல மெல்ல அரை மணி வரை கூட்டலாம். வண்டியில் இருக்கும்போது நாயால் படுத்து இளைப்பாற முடியாது. ஆகவே தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. படிக்கட்டுப் பக்கம் விடக் கூடாது. கழற்றியதும் தொடையிடுக்கிலும் மார்பிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குறிப்பேடு சொல்வது

சிஸ்டர் சொன்னபடி ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதி வந்தேன். அதிலிருந்து சில வரிகள்:

முதல் மூன்று வாரங்கள்: மாற்றம் இல்லை. (21 பக்கங்களில் இதே வாசகம்.)

நான்காம் வாரம்: மாற்றம் இல்லை. ஆச்சி சொன்ன ஒரு மாதம் நாளையோடு முடிகிறது.

29-ஆம் நாள்: காலை 6 மணி. சுட்டி கதவைப் பார்த்துப் படுத்திருந்தாள். யாரும் அவளைத் தொடவில்லை. கொல்லைப்பக்கம் ஆச்சி யாரோடோ பேசிக்கொண்டு வந்தார். சுட்டியின் வால் அசைந்தது. ஆச்சி நின்றார். மறுபடி பேசினார். மறுபடி அசைந்தது.

இதன் பொருளை நான் ஆச்சிக்கு விளக்கினேன். வாலைத் தொடும்போது அது அசைந்தால் அனிச்சைச் செயலாக இருக்கலாம். தொடாமல், குரலைக் கேட்டு அசைந்தால், காது கேட்டு, மூளை அறிந்து, கட்டளை தண்டுவடத்தின் அடிபட்ட இடத்தைத் தாண்டிக் கடைசி நுனிவரை போயிருக்கிறது. ஆச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதுக்கு என்னைத் தெரியுதுன்னு சொல்லுத, அவ்வளவுதானே?" என்றார். ஒரு மாதத் தவணையைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

ஏழாம் வாரம்: வண்டியில் முதல் நடை. ஐந்து நிமிடத்தில் நான்கு முறை தெருமுனை பூனையைப் பார்த்துக் குரைத்தாள்.

ஒன்பதாம் வாரம்: துண்டின் உதவியின்றி நின்றாள், 6 விநாடி.

பதினான்காம் வாரம்: சாக்கின்மேல் தானாக நான்கு அடி.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. வீட்டுக்குள்ளே சாக்கு விரித்த இடத்தில் தள்ளாடித் தள்ளாடி நடக்கிறாள். திரும்பும்போது விழுகிறாள், எழுகிறாள். வழவழப்பான தரையில் இன்னும் முடியாது. தெருவுக்கு வண்டிதான். சிறுநீர் தானாகவே போகிறது. பழையபடி ஓடுவாள் என்று டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு மறுப்பு

"மனிதர்களே நடக்க முடியாமல் கிடக்கும்போது நாய்க்கு வண்டியா?" என்று எங்களைக் கேட்டவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். என் விடை இது. படுத்தவரைப் புரட்டுவது, படுக்கைப் புண்ணைத் தடுப்பது, மூட்டை இறுகவிடாமல் காப்பது ஆகிய மூன்றும் நாய்க்கும் மனிதருக்கும் ஒன்றே. எங்கள் தெருவில் வாதத்தால் படுத்திருக்கும் தாத்தா ஒருவருக்கு இப்போது மாலையில் ஆச்சியும் நானும் போய்ப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க உதவுகிறோம். சுட்டி வருமுன் அவர் வீட்டு வாசலை நான் தினமும் கடந்துதான் பள்ளிக்கு வந்தேன்; உள்ளே போனதில்லை. ஓர் உயிரிடம் பழகிய கை அடுத்த உயிருக்கும் உதவுகிறது.

அமெரிக்காவில் 2002-இல் முன்னங்கால்கள் பயன்படாமல் பிறந்த ஃபெயித் என்ற நாய், பின்னங்கால்கள் இரண்டால் நிமிர்ந்து நடக்கப் பழகியது. போரில் காயமுற்ற வீரர்கள் இருந்த மருத்துவமனைகளுக்கு அதை அழைத்துச் சென்றார்கள். அங்கே அது செய்த வேலை நடந்து காட்டியது மட்டுமே. கால் இழந்த வீரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

நம் கடமை

நம் நாட்டில் விலங்குகளைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1960-லேயே வந்துவிட்டது. அரசியலமைப்பில் 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம் சேர்த்த அடிப்படைக் கடமைகளில், உயிரினங்களிடம் இரக்கம் காட்டுவதும் ஒன்று. குடிமையியல் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு இதை எழுதுகிறோம். உதவிக்கும் இடங்கள் உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு கால்நடை மருத்துவமனைகள் உள்ளன. சென்னையில் 1903-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இயங்குகிறது. 1959-இல் தொடங்கப்பட்ட ப்ளூ கிராஸ் இன்றும் அடிபட்ட விலங்குகளைக் காத்து வருகிறது.

அன்புத் தோழியரே! எல்லோரும் வீட்டுக்கு ஒரு நாயைக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் இடமும், பெரியவர்களின் சம்மதமும், ஆறு மாதப் பொறுமையும் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. ஆனால் வளர்க்கும் நாய்க்கு வெறிநோய், டிஸ்டெம்பர் தடுப்பூசிகளைத் தவறாமல் போடலாம். வளர்த்த நாயைத் தெருவில் விடாதிருக்கலாம். சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் போகும் நம் அண்ணன்மாரிடம் தெருமுனையில் வேகத்தைக் குறைக்கச் சொல்லலாம். அடிபட்ட நாயைக் கண்டால் முதுகு வளையாமல் பலகையில் எடுக்கும்படி பெரியவர்களுக்குச் சொல்லலாம். இந்தக் கட்டுரையிலிருந்து அந்த ஒரு வரியை மட்டும் யாராவது நினைவில் வைத்துக்கொண்டால், எங்கோ ஒரு நாயின் தண்டுவடம் பிழைக்கும். மற்றவற்றைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.